பின்னட்டைக் கோடுகள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மூன்று பெயர்கள் இருந்தன. சம்பளப் பட்டியலில் அலுவலக உதவியாளர். ஆசிரியர்கள் அறையில் 'இந்தாம்மா'. பிள்ளைகளிடம் சாவியக்கா. முதல் இரண்டும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. மூன்றாவது அவளாகச் சம்பாதித்தது.

முப்பத்தாறு வயதில் அங்கே வந்து சேர்ந்தாள். அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு தையல் ஆலையில் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஆலை மூடியது. யார் யார் காலிலோ விழுந்து இந்த வேலை கிடைத்தது. மணி அடிக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியை நிரப்ப வேண்டும், அறைகளைத் திறந்து பூட்ட வேண்டும். முதல் வாரமே அன்றைய தலைமையாசிரியர் ஒரு பிஸ்கட் டப்பாவை அவள் கையில் கொடுத்தார். உள்ளே அறுபத்துச் சொச்சம் சாவிகள்.

"எது எதுக்குன்னு இங்க யாருக்கும் தெரியாது. கண்டுபிடிச்சா உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஒன்பது நாள் பிடித்தது. பூட்டுப் பூட்டாகப் போட்டுப் பார்த்து, பொருந்திய சாவியில் ஒரு நூல் கட்டினாள். ஆய்வகத்துக்குப் பச்சை, மைதானத்து அறைக்குச் சிவப்பு. ஆலையிலிருந்து வந்தவளுக்கு நூலுக்கா பஞ்சம். கடைசியில் ஆறு சாவிகள் மிச்சமிருந்தன. மாடியின் கோடி அறையில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் ஆறு இரும்பு அலமாரிகள் நின்றன. திறந்தாள். தும்மல் அடங்கியபிறகு பார்த்தால், எல்லாம் புத்தகம்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அப்ப நீயே பாத்துக்க."

நூலகர் நியமனம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு துண்டுக் காகிதம்கூட இருபத்திரண்டு வருடத்தில் வரவில்லை. நூலகர் பணியிடம் ஆண்டறிக்கையில் 'காலி' என்றே இருந்தது. பொறுப்பாசிரியர் என்று வரலாற்றாசிரியரின் பெயரைப் போட்டிருந்தார்கள். தூசி தட்டியது, அடுக்கியது, கரையான் பார்த்தது எல்லாம் சாவியக்கா.

அவள் படித்தது பத்தாவது. பாடப்புத்தகம் தவிர எதையும் அதுவரை தொட்டதில்லை. தூசி தட்ட எடுத்த ஒன்றில், நடுக்கடல் பாறையில் விளக்கு ஏற்றும் ஒருத்தியின் கதை இருந்தது. நின்றபடி ஒரு பக்கம், சாய்ந்தபடி ஒரு பக்கம், பிறகு தரையில் உட்கார்ந்து. அன்று மூன்றாவது மணி பதினோரு நிமிடம் தாமதமாக அடித்தது. ஏழாம் வகுப்புக்கு அது கணக்குப் பாட வேளை. "ஒரு பெருக்கல் வாய்ப்பாடு அதிகம் ஒப்பிக்க வச்சிட்டீங்களேக்கா" என்று பிள்ளைகள் மாதக் கணக்கில் குத்திக்காட்டினார்கள்.

புத்தகங்களை எண் வாரியாக அடுக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முதுகில் ஒட்டிய எண் சீட்டுகளில் பாதியைப் பூச்சி தின்றிருந்தது. அதைவிட, பிள்ளைகள் யாரும் எண் சொல்லிக் கேட்கவில்லை. "போன தடவ அழுதேன்ல, அது மாதிரி இன்னொண்ணு" என்றார்கள். "பேய் வரணும், ஆனா கடைசில அது பேயில்லன்னு சொல்லிடணும்" என்றார்கள். ஒருத்தி, "எங்கப்பாவுக்குத் தெரியக்கூடாத மாதிரி ஏதாவது" என்று கேட்டாள். சாவியக்கா கொடுத்தது சமையலறையில் வெடிகுண்டு செய்யும் விஞ்ஞானியின் கதை, அவள் எதிர்பார்த்தது வேறு.

ஆகவே சாவியக்கா தன் போக்கில் அடுக்கினாள். ஒரு புத்தகத்தை முடித்தவர் அடுத்து எதைக் கேட்பாரோ, அதுதான் அதன் பக்கத்துப் புத்தகம். கடல் கதைகளுக்குப் பக்கத்தில் கிணறு வெட்டுகிறவனின் கதை இருந்தது, ஏனென்றால் கடலில் தாகத்தோடு செத்தவனைப் படித்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். அழுகைத் தட்டின் கடைசியில் ஒரு சிரிப்புப் புத்தகம் காவலுக்கு நின்றது. எந்த நூலகப் படிப்பிலும் இந்த முறை கிடையாது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவாள். 'இல்லை' என்ற சொல் அந்த அறையில் அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. அது அவளுடைய கர்வம். வேறு கர்வம் வைத்துக்கொள்ள அவளுக்கு வழியும் இல்லை.

பதிவேடு ஒன்று இருந்தது. ஆரம்பத்தில் ஒழுங்காக எழுதினாள். மூன்றாம் வருடம், பறவைகளைப் பற்றிய ஒரு பெரிய படப்புத்தகத்தை ஒருவன் வாங்கிப் போனான். அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது. பதிவேட்டில் போன தேதி இருந்தது, வந்த தேதி இல்லை. வரலாறு சாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்று பிரதிகளில் பதில் எழுதினார். அவருடைய பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது.

அவர் கெட்டவர் இல்லை. அவளைக் கூப்பிட்டு நிதானமாகத்தான் சொன்னார்.

"குடுக்கறதக் குடும்மா. பிள்ளைங்க படிக்கட்டும், நான் வேண்டாங்கல. ஆனா எழுதாத. எழுதினாத்தான் அது தொலஞ்சதாகும்."

"ஆய்வுக்கு வந்தா பதிவேடு கேப்பாங்களே சார்?"

"அத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு கல்வியாண்டின் கடைசி வாரத்திலும் நீலப் பேனா, கறுப்புப் பேனா இரண்டோடும் உட்காருவார். வலது கையில் ஒரு பக்கம், இடது கையில் ஒரு பக்கம். முதல் அலமாரியின் கண்ணாடிக்குள் நிற்கும் தடித்தடிப் புத்தகங்களின் எண்களைப் பார்த்துப் பார்த்து எழுதுவார். அந்த அலமாரி கைக்கு அருகில் இருந்தது, அங்கே எண் சீட்டும் உதிரவில்லை. அவர் பதிவேட்டின்படி, எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பன்னிரண்டு தொகுதிக் கலைக்களஞ்சியத்தை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டுச் சட்ட அகராதி கேட்டிருந்தான். எழுத்தர் ஒருநாள் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"வரலாறு எழுதறது சாருக்குக் கைவந்த கலை."

சாவியக்காவுக்குக் கணக்கு இல்லாமல் இருக்கப் பிடிக்கவில்லை. பொத்தான் எண்ணிய கை. அதனால் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். புத்தகத்தை முழுசாகப் படித்தவர்கள் பின்னட்டையின் உட்பக்கம் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு நின்றால் ஐந்தாவது குறுக்கே. பாதியில் விட்டவர்கள் அரைக்கோடு. பொய்க்கோடு போட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள்; கதையின் நடுவில் செத்தவர் கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்பாள். விளக்குக்காரியின் புத்தகத்தில் அறுபத்தேழு கோடுகள் இருந்தன. முதல் கோடு அவளுடையது.

இன்னொரு சட்டமும் உண்டு. புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது, சாவியக்காவின் கையில்தான் தர வேண்டும். யாரிடம் வாங்கினோம் என்று வெளியே சொல்லவும் கூடாது.

கடைசி மூன்று வருடமாக, பகல் இடைவேளை மணி அடித்த ஐந்தாவது நிமிடம் படியேறி வருகிறவள் ஒருத்தி இருந்தாள். ஆறாம் வகுப்பில் தொடங்கியவள், அப்போது எட்டாம் வகுப்பு. அம்மா ஒரு மருத்துவமனைச் சலவையறையில் வேலை பார்த்தாள். வணக்கம், நலமா, எதுவும் கிடையாது. புத்தகத்தைச் சாவியக்காவின் உள்ளங்கையில் வைப்பாள், "அடுத்தது" என்பாள். அதுவே பெயராகிவிட்டது.

"அடுத்தது, சாப்பிட்டியாடி?"

"அப்புறம். அடுத்தது?"

"இதுல அந்த மாமா கடைசில திரும்பி வந்தாரா?"

"வந்தாரு. வராமலே இருந்திருக்கலாம்."

சாவியக்கா சிரித்துக்கொண்டே கோபத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள்.

அவள் ஓய்வு பெற ஒரு வருடமும் நான்கு மாதமும் இருந்தபோது சுற்றறிக்கை வந்தது. நூலக அறையில் பாதியைக் கணினிகளுக்கு ஒதுக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளில் ஒருமுறைகூட வெளியே போகாத புத்தகங்களைப் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியலிட்டுக் கழித்துவிட வேண்டும். பட்டியலை அலுவலகத்தில் யாரோ கணினியில் தட்டினார்கள். நானூற்றுப் பன்னிரண்டு புத்தகம்.

பட்டியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள், முதல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். விளக்குக்காரி இருந்தாள். கிணறு வெட்டுகிறவன் இருந்தான். வெடிகுண்டு விஞ்ஞானியும், பேயில்லாத பேயும், வராமலே இருந்திருக்க வேண்டிய மாமாவும் இருந்தார்கள். எதையெல்லாம் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு படித்தார்களோ, அதெல்லாம் ஒன்று விடாமல். இந்த இருபது வருடத்தில் யாரும் விரித்தே பார்க்காத கலைக்களஞ்சியம் பட்டியலில் இல்லை. சட்ட அகராதி இல்லை. வரலாறு சாரின் இரண்டு பேனாக்களும் அவற்றைக் காப்பாற்றிவிட்டன.

நேரே வரலாறு சாரிடம் போனாள். அவர் பட்டியலை ஒரு முறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சார், இதெல்லாம் படிச்ச புத்தகம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொன்னா, அப்ப பதிவேட்டுல இருக்கறது என்னன்னு கேப்பாங்க."

"நான் என்ன சார் பண்ணட்டும்?"

"என்னைக் கேட்டா? நீ குடுத்தது உனக்குத் தெரியும். நான் எழுதினது எனக்குத் தெரியும். ரெண்டையும் ஒண்ணாப் பாக்கறதுக்கு மூணாவது ஆள் வேண்டாம்மா."

ஆய்வு அலுவலர் ஒரு பெண். முப்பது நாளில் இருபத்தாறு பள்ளிக்கூடம் முடிக்க வேண்டியவர்; பேச்சில் கடுமை கிடையாது, நேரமும் கிடையாது. வந்த அன்றே சாவியக்கா துணிந்துவிட்டாள். விளக்குக்காரியின் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திறந்து அவர் முன் நீட்டினாள்.

"மேடம், இதப் பாருங்க. ஒரு கோடு ஒரு பிள்ளை. அறுபத்தேழு பேரு படிச்சிருக்காங்க. பட்டியல்ல இருக்கற எதை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கும்."

அலுவலர் கோடுகளை உண்மையாகவே ஆர்வத்தோடு பார்த்தார். விரலால் ஐந்தைந்தாகத் தொட்டு எண்ணவும் செய்தார்.

"பதிவேட்டுல இல்லையே. எழுதாம வெளிய குடுத்தீங்களா?"

வரலாறு சார் இருமினார். அந்த இருமலுக்குப் பின்னால் சார் இருந்தார், சாரின் பதவி இருந்தது, அவளுடைய ஒரு வருடம் நான்கு மாதமும் இருந்தது. எழுதாமல் பள்ளிச் சொத்தை வெளியே கொடுத்த உதவியாளருக்கு என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். மைதானத்து அறையிலிருந்து ஒரு பந்தை வீட்டுக்கு எடுத்துப்போன பழைய காவலாளிக்கு வேலை போனதை அவள் பார்த்திருக்கிறாள்.

"எழுதாமக் குடுப்பேனா மேடம்? இங்கயே உக்காந்து படிப்பாங்க. வெளிய போனதே கிடையாது."

"அப்படின்னா இத நான் வெளிய போன கணக்குல எடுத்துக்க முடியாதும்மா." அலுவலர் தாளில் ஏதோ எழுதினார். "பென்சில் கிறுக்கல் உள்ளதையும் சேதமடைந்ததாத்தான் காட்டணும். கழிக்கறதுக்கு ரெண்டு காரணமாச்சு. நல்லவேளை நீங்களே காட்டினீங்க, இல்லன்னா ஒவ்வொண்ணாத் திறந்து பாத்திருக்கணும்."

அவர் உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். 

இனிப் பேச ஒன்றும் இல்லை. ஆனால் செய்ய ஒன்று இருந்தது: தேடித் தராமல் இருப்பது. பட்டியலில் எண் இருக்கிறது, தட்டில் எண் இல்லை. எழுத்தர், இரண்டு ஆசிரியர்கள், அலுவலரோடு வந்த ஓட்டுநர் என்று நாலு பேர் பகல் முழுக்கத் தேடினார்கள். அவள் படிக்கட்டில் நின்று பார்த்தாள். கடல் கதையை ஒருவர் புவியியலில் தேடினார், இன்னொருவர் கப்பல் படம் போட்ட கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மாலைக்குள் ஒன்பது கிடைத்தது. 

அலுவலர் பையை மூடினார்.

"நாளைக்கு ஒரு நாள்தான் நான் இருப்பேன். ஒண்ணு ரெண்டு கிடைக்கலன்னா பரவாயில்ல, எல்லா இடத்துலயும் நடக்கறதுதான். நானூறு கிடைக்கலன்னா, அது காணாமல் போன பட்டியலுக்குப் போயிடும். பொறுப்பாசிரியர் பேர்ல விசாரணை வரும்."

தண்ணீர்த் தொட்டியருகே வரலாறு சார் காத்திருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் முதன்முறையாக அவளை 'அக்கா' என்றார்.

"அக்கா, அடுத்த மாசம் எனக்குத் தலைமையாசிரியர் நேர்காணல்."

"தெரியும் சார்."

"விசாரணைன்னு வந்தா என்னை மட்டும் கேட்டுட்டு விடமாட்டாங்க. சாவி யார்கிட்ட இருந்துதுன்னுதான் முதல்ல கேப்பாங்க."

வீட்டில் அவள் கணவன், காலை நீட்டி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான். பழைய பேருந்து நடத்துநர். நின்று நின்றே முழங்காலைத் தேய்த்தவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"எனக்குத் தெரியாது, கிடைக்கலன்னு கைய விரிச்சிடலாம். நல்லாத்தான் இருக்கும். அப்புறம் யாரு வந்து நமக்குக் கைய நீட்டுவாங்க?"

"அதெல்லாம் பிள்ளைங்க புத்தகம்."

"இருபத்திரண்டு வருஷம் நீ புத்தகத்தப் பாத்துக்கிட்ட. இந்த ஒண்ணே கால் வருஷத்துக்கு அது உன்னைப் பாத்துக்குமா, கேட்டுப் பாரு. எல்லாரும் உன்னைச் சாவிங்கறாங்க. பூட்டு யார் கையில இருக்குன்னு யோசிச்சியா?"

மறுநாள் காலை அவளே அலுவலரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"எண் வேண்டாங்க மேடம். தலைப்ப வாசிங்க."

அலுவலர் வாசித்தார். அவள் போனாள், எடுத்தாள், கொண்டுவந்து வைத்தாள். முதல் பத்துப் புத்தகத்துக்கு ஒவ்வொரு அடியும் சேற்றில் வைத்தது போலக் கனத்தது. கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன, இரண்டைத் தவறவிட்டால் என்ன என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். இருபதாவதில் எழுத்தர் "அட" என்றார். நாற்பதாவதில் ஆசிரியர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படிங்க இது?"

இருபத்திரண்டு வருடத்தில் பெரியவர்களில் ஒருவர் அவளிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் அடுத்த புத்தகத்தை எடுக்கப் போனாள். அதற்குப் பிறகு கால் கனக்கவில்லை. கை முன்னால் ஓடியது. அலுவலர் தலைப்பின் முதல் சொல்லைச் சொன்னதுமே புத்தகம் மேசைக்கு வந்தது. பின்னால் ஒளிந்திருந்தது, அட்டை கிழிந்து வேறு அட்டை போட்டது, தட்டு மாறிப் போனது, எதுவும் தப்பவில்லை. யாரோ கடிகாரம் பார்த்து, "நிமிஷத்துக்கு ரெண்டு" என்றார்கள். இன்னொருவர், "கம்ப்யூட்டர் எதுக்கு, இந்தாம்மாவைத் தூக்கி அங்க வச்சிடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பகலில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சுவரோரம் இடுப்புயரத்துக்குப் புத்தகக் குவியல். அலமாரிகளில் ஐந்து காலி. தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று.

அது தட்டில் இல்லை. அடுத்ததுவிடம் இருந்தது. பட்டியல் வந்த அன்றே, வெளியில் இருந்ததையெல்லாம் பிள்ளைகளிடம் காதோடு காதாகச் சொல்லி அவள் திரும்ப வாங்கிவிட்டாள். அடுத்தது மட்டும் காய்ச்சலில் ஐந்து நாளாக வரவில்லை. அவளிடம் இருந்தது விளக்கும் கடலும் இல்லாத சாதாரணக் கதை: ஒரு பெண் தன் அம்மாவைத் தேடி ஊர் ஊராகப் பேருந்தில் போகிறாள். முப்பத்தோரு கோடு, இரண்டு அரைக்கோடு.

அலுவலர் தலைப்பை வாசித்தார். சாவியக்கா எழுந்து போனாள். காலித் தட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தாள்.

"இல்லீங்க மேடம்."

அந்த அறையில் அவள் சொன்ன முதல் 'இல்லை' அது. சொன்னதும் நெஞ்சு லேசானது. ஒன்றாவது பிழைக்கட்டும். அந்தப் பிள்ளையிடமே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் கல்யாணமாகிப் போகும்போதும் கொண்டுபோகட்டும்.

"நானூத்துப் பன்னிரண்டுல ஒண்ணுதானே," அலுவலர் சிரித்தார். "காணவில்லைன்னு எழுதிக்கறேன். வேற எங்கயும் இவ்வளவு சுத்தமா முடிஞ்சதில்ல." மேலே வந்திருந்த தலைமையாசிரியருக்கும் முகம் மலர்ந்தது. வரலாறு சார் நீளமாக மூச்சு விட்டார். அலுவலர் பேனா மூடியைத் திறந்து எழுதினார்.

கீழே பகல் இடைவேளை மணியை அன்று காவலாளி அடித்தார். ஐந்தாவது நிமிடம் படிக்கட்டில் காலடி கேட்டது.

அடுத்தது கொஞ்சம் இளைத்திருந்தாள். அறையில் இத்தனை பெரியவர்களைப் பார்த்து வாசலில் தயங்கினாள். ஆனால் சட்டம் அவளுக்குத் தெரியும். யாரையும் பார்க்காமல் நேரே சாவியக்காவிடம் வந்தாள். செய்தித்தாளில் சுற்றியிருந்த புத்தகத்தைப் பிரித்தாள்; காய்ச்சல்காரியின் வியர்வை படாமல் இருக்கத்தான் சுற்றியிருக்க வேண்டும். அதை உள்ளங்கையில் வைத்தாள்.

"அடுத்தது?" என்று கேட்க வாயெடுத்தவள், காலித் தட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

அலுவலர் எட்டிப் பார்த்தார். தலைப்பைப் படித்தார். பட்டியலைப் பார்த்தார்.

"இதுதானே நீங்க இல்லன்னது?"

அலுவலர் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, இது உனக்கு யார் குடுத்தா?"

அடுத்தது சாவியக்காவைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. யாரிடம் வாங்கினோம் என்று சொல்லக்கூடாது என்பது சட்டம், ஆகவே சாவியக்காவே சொல்வாள் என்று காத்திருக்கிற பார்வை. நான் கொடுத்தேன் என்று இரண்டு சொல் போதும். சொன்னால், வெளியே போனதே கிடையாது என்று நேற்றுச் சொன்னது பொய்யாகும். நேற்றையது பொய்யானால் பதிவேடு பொய்யாகும். இந்தப் பக்கம் தலைமையாசிரியர், அந்தப் பக்கம் வரலாறு சார். அவர் இந்த முறை இருமக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கறாங்கல்ல, சொல்லும்மா," என்றார் தலைமையாசிரியர்.

அடுத்தது வாயைத் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் சாவியக்கா. "தண்ணி புடிக்கக் கீழ போயிருப்பேன். பூட்டாம விட்டிருப்பேன். அப்ப எடுத்துட்டுப் போயிருப்பா."

குரல் நடுங்கவில்லை என்பதை அவளே கவனித்தாள். அது எப்படி நடுங்காமல் இருந்தது என்று பிறகு எத்தனையோ முறை யோசித்தாள்.

தலைமையாசிரியர் அடிக்கவோ கத்தவோ இல்லை. "கேட்டா நாங்களே குடுத்திருப்போமே, எதுக்குத் திருடணும்?" என்று வருத்தமாகத்தான் கேட்டார். அடுத்ததுவின் கண் சாவியக்காவின் முகத்தைவிட்டு அகலவே இல்லை. ஒரு கதையில் நல்லவர் என்று நம்பியவர் கடைசி அத்தியாயத்தில் என்ன செய்கிறார் என்று படிக்கிற கண்.

சலவையறை உடுப்போடு அம்மா வரவழைக்கப்பட்டாள். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். 'நூலகத்திலிருந்து அனுமதியின்றி ஒரு புத்தகத்தை எடுத்துச் சென்றேன்.' அடுத்ததுவின் கையெழுத்து குண்டு குண்டாக, பிழையில்லாமல் இருந்தது. அலுவலர் பட்டியலில் எழுதியிருந்த 'காணவில்லை'யை அடித்துவிட்டு, 'மீட்கப்பட்டது' என்று எழுதிக் குவியலில் சேர்த்தார். நானூற்றுப் பன்னிரண்டு, சரியாக.

கட்டுக் கட்டாகக் கட்டிக் கீழே இறக்கியதும் சாவியக்காதான். இருபத்தைந்து புத்தகத்துக்கு ஒரு கட்டு. கடைசிப் புத்தகத்தைக் கட்டும்முன் பின்னட்டையைத் திறந்து பார்த்தாள். முப்பத்திரண்டாவது கோடு புதிதாக, அழுத்தமாக இருந்தது. காய்ச்சலில் படுத்தபடியே முழுசாகப் படித்து முடித்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் சாவியக்காவை மேடைக்கு அழைத்தார். நூலகச் சீரமைப்பில் மாவட்டத்திலேயே முதல் பள்ளி என்று பாராட்டு வந்திருந்தது. "ஒரு புத்தகத்தைத் தேடித் தருவதில் இவரை மிஞ்ச ஆளில்லை" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். சொன்னால் தட்டுவார்கள். எட்டாம் வகுப்பு வரிசையை அவள் பார்க்கவில்லை. வரலாறு சார் அடுத்த மாதம் வேறு பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனார். போகும்போது அவளிடம் இரண்டு பேனாக்களையும் கொடுத்துவிட்டுப் போனார், நினைவாக.

இப்போது நூலகம் பகல் இடைவேளையில் முறைப்படி திறந்திருந்தது. கலைக்களஞ்சியம் இருந்தது, அகராதிகள் இருந்தன. எல்லாவற்றிலும் புது எண் சீட்டு, யாரும் கண்டுபிடிக்கலாம். புதிய பதிவேட்டில் எட்டுக் கட்டங்கள். சாவியக்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஐந்தாவது நிமிடம் படிக்கட்டைப் பார்ப்பாள். பிறகு பார்க்காமல் இருக்கப் பழகினாள்.

ஓய்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது அடுத்தது வந்தாள். ஒன்பதாம் வகுப்பு, ஒரு சாண் வளர்ந்திருந்தாள். அறிவியல் டீச்சர் அகராதி வாங்கிவர அனுப்பியிருந்தார். அனுமதிச் சீட்டு கையில் இருந்தது. சாவியக்கா எழுந்தாள், பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள். அடுத்தது எண்ணைப் பார்த்து அகராதியை அவளே எடுத்துக்கொண்டாள்.

"எப்படிடீ இருக்க?"

"நல்லா இருக்கேங்க."

முன்பெல்லாம் இந்த 'ங்க' இருந்ததில்லை.

அடுத்தது பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு கட்டத்தையும் விடாமல் எழுதினாள். தேதி, நேரம், பெயர், வகுப்பு, புத்தக எண், தலைப்பு, பெற்றவர். அதே குண்டு எழுத்து. கடைசிக் கட்டம் 'கொடுத்தவர்'. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பதிவேட்டை இந்தப் பக்கம் திருப்பினாள்.

"இங்க நீங்க போடணும்."

சாவியக்கா பேனாவைத் தேடினாள். மேசையில் இருந்தவை வரலாறு சார் கொடுத்த பேனாக்கள். நீலத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அடுத்தது மை காயும்வரை நின்று, கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்து, அகராதியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.